கடல் தாண்டி வந்த கிண்ணம்

கோலாலம்பூர் குழு ஈப்போவுக்குப் போய் ஆட வேண்டுமா? காலையில் பேருந்து ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு ஈப்போ போய்ச் சேர்ந்துவிடலாம். பசிபிக் பெருங்கடலில் இந்தக் கணக்கு செல்லாது. தாஹித்தியிலிருந்து பாப்புவா நியூ கினிக்கு 6,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். அதாவது கோலாலம்பூரிலிருந்து தோக்கியோவைவிடத் தூரம்! இடையில் அனைத்துலகத் தேதிக் கோடு வேறு குறுக்கிடுகிறது. சனிக்கிழமை புறப்படுகிற ஆட்டக்காரர் ஞாயிற்றுக்கிழமை போய் இறங்குவார். அப்படிப்பட்ட தீவுகளின் கிளப்புகளை ஒன்றுகூட்டி ஒரு காற்பந்துப் போட்டி நடத்த யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

ஓசியானியா காற்பந்துச் சம்மேளனத்துக்கு வந்தது. 1987-ஆம் ஆண்டு முதல் முறையாக ஓசியானியா கிளப் வெற்றியாளர் போட்டி நடந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் சிட்டியும் நியூசிலாந்தின் யூனிவர்சிட்டி மவுண்ட் வெலிங்டனும் இறுதியாட்டத்தில் 1-1 எனச் சமநிலை கண்டன. பினால்டியில் அடிலெய்ட் வென்றது. அதோடு சரி. அடுத்த போட்டிக்கு 12 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு தூரத்துக்கு ஒரு குழு முழுவதற்கும் விமான டிக்கெட் எடுப்பது லேசான காரியமா என்ன?

1999-இல் போட்டிக்கு மறுபடியும் உயிர் வந்ததற்குக் காரணம் உண்டு. 2000 ஜனவரியில் பிரேசிலில் முதல் கிளப் உலகப் போட்டியை நடத்த பிஃபா முடிவு செய்தது. ஓசியானியாவுக்கும் அதில் ஓர் இடம். யாரை அனுப்புவது? அதற்காகத்தான் பிஜித் தீவில் போட்டி கூடியது. இறுதியாட்டத்துக்கு வந்த இரண்டு குழுக்களில் ஒன்று ஆஸ்திரேலியாவின் சவுத் மெல்பர்ன். இன்னொன்று பிஜியின் நாந்தி.

நாந்தி என்ற பெயரைக் கேட்டதும் தமிழர்கள் சற்று நிமிர்ந்து உட்காரலாம். எழுதும்போது 'நாடி' என்று எழுதி, சொல்லும்போது 'நாந்தி' என்று சொல்கிறார்கள். புகழ்பெற்ற சிவசுப்பிரமணிய சுவாமி ஆலயம் அங்கேதான் இருக்கிறது. 1926-இல் சாது குப்புசாமி தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கியதும் அந்த ஊரில்தான். பாரதியார் நெஞ்சம் குமுறிப் பாடிய அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறிப் போனவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் அங்கே பள்ளிக்கூடம் கட்டினார்கள், கோயில் கட்டினார்கள், காற்பந்தும் ஆடினார்கள். 1938-இல் பிஜி இந்தியர் காற்பந்துச் சங்கம் உருவானது. 1961-இல்தான் எல்லா இனத்தவருக்கும் கதவு திறந்து, பெயரிலிருந்து 'இந்தியர்' என்ற சொல் போனது. இன்றைய பிஜி காற்பந்துச் சங்கம் அதன் வாரிசுதான். சன்மார்க்க சங்கம் ஆண்டுதோறும் ஈஸ்டர் விடுமுறையில் கூடும்போது, பேச்சுக் கூட்டங்களோடு காற்பந்துப் போட்டியும் தவறாமல் நடக்கிறது. நம் ஊர்த் தோட்டத்துத் திடல்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்த நாந்திக் குழுவை சவுத் மெல்பர்ன் 5-1 என்று அடித்துவிட்டது. பிரேசிலுக்குப் போன சவுத் மெல்பர்னும் மூன்று ஆட்டத்திலும் தோற்றது. அதில் ஒன்று மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக, 0-2.

2001-இல் போர்ட் மோர்ஸ்பியில் நடந்த இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவின் வொல்லாங்காங் குழு, வனுவாத்துவின் தாஃபியாவை ஒரே கோலில் வென்றது. தன்னா, அனிவா, ஃபுத்துனா, எரொமாங்கோ, அனெய்த்தியும் ஆகிய ஐந்து தீவுகளின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவதுதான் தாஃபியா. ஐந்து தீவு சேர்ந்தும் ஒரு கோல் குறைந்துவிட்டது. ஆனால் வென்றவர்களுக்கும் யோகமில்லை. ஸ்பெயினில் நடக்கவிருந்த அந்த ஆண்டுக் கிளப் உலகப் போட்டியே ரத்தாகிவிட்டது.

2005-இல் சிட்னி எஃப்சி தாஹித்தியில் கிண்ணத்தை வென்றது. 2006 ஜனவரி முதல் நாள் ஆஸ்திரேலியா ஓசியானியாவை விட்டு ஆசியாவில் சேர்ந்துகொண்டது. மலேசிய, சிங்கப்பூர் குழுக்களுக்கு அது புதிய தலைவலி. ஆனால் பசிபிக் தீவுகளுக்கோ பெரிய யானை வழிவிட்டுப் போன மாதிரி. இனி எஞ்சியிருப்பது நியூசிலாந்து மட்டுமே. அதுவும் ஒரு தீவு நாடுதானே!

2007-இல் போட்டியின் அமைப்பு மாறியது. ஒரே ஊரில் கூட்டி முடிப்பதை விட்டு, சொந்த மண்ணில் ஓர் ஆட்டம், எதிரணி மண்ணில் ஓர் ஆட்டம் என்று வைத்தார்கள். ஓசியானியா வெற்றியாளர் லீக் என்று பெயர். கதை சூடு பிடிப்பது இங்கேதான். தீவுக் குழுக்கள் திறமையில்லாமல் தோற்றன என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் அடுத்த நான்கு இறுதிச் சுற்றுகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முதல் ஆண்டு, பிஜியின் பா குழு. இதுவும் கரும்பு ஊர்தான். சொந்த மண்ணில் நியூசிலாந்தின் வைத்தாக்கரே யுனைடெட்டை 2-1 என்று வென்றது. நியூசிலாந்தில் 0-1 என்று தோற்றது. மொத்தம் 2-2. எதிரணி மண்ணில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்பது அன்றைய விதி. பிஜியில் வைத்தாக்கரே போட்ட அந்த ஒற்றைக் கோல் கிண்ணத்தைக் கொண்டுபோய்விட்டது. இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் பா தோற்கவே இல்லை. வெறுங்கையோடு நின்றது, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு சாலமன் தீவுகளின் கொசா. ஹொனியாராவில் உள்ள லாசன் தாமா திடல், ஒரு மலைச்சரிவை ஒட்டிய திடல். நாற்காலி எதற்கு? மக்கள் சரிவிலேயே உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தின் முன்னால் கொசா, வைத்தாக்கரேயை 3-1 என்று வீழ்த்தியது. தீவே திருவிழாக் கோலம் பூண்டிருக்கும். அடுத்த மாதம் நியூசிலாந்துக்குப் போய் 0-5 என்று தோற்றுத் திரும்பியது.

இப்படிச் சொல்வதால் சொந்த மண்ணில் ஆடினாலே வெற்றி என்று ஆகிவிடாது. 2009-இல் இன்னொரு சாலமன் குழுவான கொலோவாலே, ஹொனியாராவிலேயே ஆக்லாந்து சிட்டியிடம் 2-7 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆனால் சொந்த மண்ணில் ஓர் ஆட்டம் என்று இருந்தால்தான் தீவுக் குழுக்களுக்கு வாய்ப்பு என்ற ஒன்றே பிறக்கிறது. குளிர்ந்த நியூசிலாந்தில் ஆடப் போகும் தீவு ஆட்டக்காரர்கள் பட்ட பாட்டை, போர்ட் மோர்ஸ்பியின் வெயிலில் நியூசிலாந்துக்காரர்களும் பட வேண்டுமல்லவா?

பட்டார்கள், 2010-இல். பாப்புவா நியூ கினியின் ஹெக்காரி யுனைடெட், போர்ட் மோர்ஸ்பியில் வைத்தாக்கரேயை 3-0 என்று வென்றது. சாலமன், பிஜி ஆட்டக்காரர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். மே மாதம் நியூசிலாந்துக்குப் போய் 1-2 என்று தோற்றது. ஆனால் இந்த முறை கணக்கு இடிக்கவில்லை. மொத்தம் 4-2. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து அல்லாத ஒரு நாட்டுக் குழு கிண்ணத்தைத் தூக்கியது அதுவே முதல் முறை. 2003-இல் தொடங்கப்பட்ட ஏழு வயதுக் குழு அது!

டிசம்பரில் ஹெக்காரி அபுதாபிக்குப் போனது. அல் வாஹ்தாவிடம் 0-3 என்று தோற்று, முதல் ஆட்டத்தோடு திரும்பியது. அந்தப் போட்டியில் கடைசி இடத்துக்கே 5 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு. போட்டி சூடு பிடித்ததன் இரகசியம் இதில்தான் இருக்கிறது. வென்றவர்களுக்குப் பணம், பணம் வந்தவர்களுக்கு நல்ல ஆட்டக்காரர்கள், நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தால் மறுபடியும் வெற்றி. இந்தச் சக்கரம் ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பித்தால் என்ன ஆகும்?

ஆக்லாந்து சிட்டி ஆகும். 2011 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழு முறை அந்தக் குழுவே வென்றது. ரமோன் திரிபுலியெத்ஸ் என்ற கத்தலோனியப் பயிற்றுநரும் ஸ்பெயின் ஆட்டக்காரர்களும் அங்கே இருந்தார்கள். 2014-இல் மொரோக்கோவில் நடந்த கிளப் உலகக் கிண்ணத்தில் மூன்றாவது இடம் பிடித்து உலகையே வியக்க வைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, பகலில் வேலைக்குப் போய் மாலையில் பயிற்சி செய்கிற பகுதிநேர ஆட்டக்காரர்கள் அவர்கள். அந்த உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மற்ற தீவுகளுக்கு இறுதியாட்டம் என்பது ஆக்லாந்திடம் தோற்கப் போகும் தேதி என்றாகிப் போனது.

2019-இல்தான் மறுபடியும் ஒரு வெடி வெடித்தது. அரையிறுதி ஆட்டங்கள் நியூ கலிடோனியாவின் நியூமியாவில் நடந்தன. நியூசிலாந்தின் இரண்டு குழுக்களும் அங்கேயே வீழ்ந்தன. இறுதியாட்டத்தில் இரண்டும் நியூ கலிடோனியக் குழுக்கள். மஜெந்தாவை 1-0 என்று வென்றது ஹியங்கேன். தீவின் வடகிழக்குக் கரையில், கனாக் பூர்வகுடிகள் வாழும் சுமார் 2,500 பேர் கொண்ட வட்டாரம் அது. நம் ஊர்ப் பெரிய தோட்டம் ஒன்றின் மக்கள்தொகை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த ஊர்ப் பிள்ளைகள் டிசம்பரில் தோஹாவில் அல் சாத் குழுவை எதிர்கொண்டார்கள். எதிரணிப் பயிற்றுநர் யார் தெரியுமா? பார்சிலோனாவின் ஸாவி. 90 நிமிடம் முடிந்தபோது 1-1. கூடுதல் நேரத்தில்தான் அல் சாத் 3-1 என்று தப்பித்தது.

கோவிட் வந்து 2020, 2021 போட்டிகளை விழுங்கியது. அதன்பின் 2022 முதல் 2025 வரை மறுபடியும் ஆக்லாந்து சிட்டிதான். மொத்தம் 13 கிண்ணம். 2025 இறுதியாட்டத்தில் தோற்றது யார் என்று பார்த்தால், 15 ஆண்டுகளுக்கு முன் சரித்திரம் படைத்த அதே ஹெக்காரி. அந்த ஆண்டு அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கிண்ணத்துக்குப் போனதற்கே ஆக்லாந்துக்கு 35 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. பாயர்ன் மியூனிக்கிடம் 0-10, பென்ஃபிக்காவிடம் 0-6. பிறகு அர்ஜெண்டினாவின் போகா ஜூனியர்ஸோடு 1-1. அந்தச் சமநிலைக் கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் கிறிஸ்டியன் கிரே, ஆசிரியர் பயிற்சியில் இருந்த ஓர் ஆட்டக்காரர்.

2026-இல் ஓசியானியாவுக்கென்று தொழில்முறை லீக் ஒன்று வந்துவிட்டது. எட்டுக் குழுக்கள். ஹெக்காரி இருக்கிறது. 1999-இல் நாந்தியை வென்ற சவுத் மெல்பர்னும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. பிஜியின் சார்பில் ஆடுவது பூலா எஃப்சி என்ற புதிய குழு. பா, நாந்தி என்ற ஊர்ப் பெயர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.