கடல் கடந்த வணிகக் குடியிருப்புகளில் வந்தோரை ஏற்றல்: மூன்று தமிழ்க் கல்வெட்டுகள்

தென்கிழக்காசியாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகளைச் சோழர் கடற்படையெடுப்பின் தொடர்ச்சியாகக் காண்போர் உளர். வணிகக் குழுக்களின் செல்வ வளத்துக்குச் சான்றாகக் காண்போரும் உளர். இவ்விரு நோக்கிலும் விடுபட்டுப்போகும் செய்தி ஒன்று உண்டு. அயல்நாட்டுத் துறையில் முன்னரே தங்கியிருந்தோர், புதிதாக வந்திறங்கியோரை எவ்வாறு தம்மோடு சேர்த்துக்கொண்டனர் என்பதே அது. தக்குவாபா, பாரூஸ், பகான் ஆகிய மூவிடத்துக் கல்வெட்டுகளை இவ்வினாவோடு அணுகும்போது அவை வேறு பொருள் தருகின்றன.

வந்தோரைத் தங்கவைப்பது அக்கால வணிகத்தில் விருப்பத்தைப் பொறுத்த அறம் மட்டுமன்று. காற்று விதித்த கட்டாயமுமாகும். தென்மேற்குப் பருவக்காற்றின் துணையோடு சோழமண்டலக் கரையிலிருந்து கிழக்கே சென்ற மரக்கலம், வடகிழக்குப் பருவக்காற்று வீசத் தொடங்கும்வரை திரும்ப இயலாது. இடைப்பட்ட மாதங்களுக்கு நீரும் உறைவிடமும் சரக்குக்குக் காவலும் வேண்டும்.

தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள தக்குவாபாவில் கிடைத்த, கி.பி. 9ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் கல்வெட்டு இத்தேவையின் முதற்படியைக் காட்டுகிறது. அது கூறுவது ஒரு குளத்தைப் பற்றியே. குளத்தைத் தோண்டியவரின் ஊர்ப்பெயர் சிதைந்துள்ளது. அதனை நாங்கூர் எனக் கொள்வர். குளத்தின் பெயர் அவனிநாரணம். இது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் விருதுப்பெயரை ஒட்டியது. அக்குளம் மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் முதலியோருக்கு ‘அடைக்கலம்’ ஆக்கப்பட்டது. சேனாமுகம் என்னும் சொல்லைக் கொண்டு அங்கே படைமுகாம் இருந்ததென வாதிடுவோர் உண்டு. இருக்கலாம். எனினும், கல்லில் பொறிக்கத்தக்கதென அவர்கள் கருதிய செயல் போரன்று, குளம் தொட்டதே. ஒருவர் தோண்டிய குளம் குழுக்களின் பொறுப்பில் விடப்பட்டதால், தோண்டியவர் ஊர் திரும்பினாலும் இறந்தாலும் அடுத்து வருவோர்க்கு நீர் உண்டு.

சுமத்திராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற பாரூஸை அடுத்த லோபு துவாவில் 1873இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு இன்னும் நுணுக்கமானது. சக ஆண்டு 1010 (கி.பி. 1088) என்னும் தெளிவான காலக்குறிப்பு உடையது. க. அ. நீலகண்ட சாஸ்திரி 1932இல் இதனை வெளியிட்டார், பின்னர் எ. சுப்பராயலு மீண்டும் படித்துப் பல திருத்தங்கள் செய்தார். திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் வரோசு என்னும் பட்டினத்தின் வேளாபுரத்தில் கூடிச் செய்த முடிவை இது பதிவு செய்கிறது. மரக்கலத் தலைவரும் உடன்வந்தோரும், கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னாக ஓர் ஆயம் செலுத்திய பிறகே ‘பாவாடை’ ஏறலாம் என்பது அம்முடிவு. இன்று மகளிர் உடையைக் குறிக்கும் இச்சொல், முன்னர்ப் பெருமக்கள் நடந்துவர நிலத்தில் விரிக்கும் துணியைக் குறித்தது. ஆகவே பாவாடை ஏறுதல் என்பது குடியிருப்புக்குள் மதிப்போடு நுழைதலாகும்.

இங்கே வரவேற்பும் வரியும் ஒரே வாசலில் நிற்கின்றன. இதனை வெறும் சுங்கம் எனச் சுருக்குவதும், விருந்தோம்பல் எனப் புகழ்ந்து பொன்னை மறப்பதும் பொருந்தா. அந்த ஆயத்தைப் பெறும் உரிமை உள்ளவர்களை ஐந்நூற்றுவர் ‘நம் மகனார்’ என உறவுமுறையால் சுட்டுவது குறிப்பிடத்தக்கது. நகர சேனாபதி நாட்டுச்செட்டியார் போன்றோர் இவ்வாறு குறிக்கப்படுகின்றனர். பிறந்த ஊரின் சுற்றம் எட்டாத இடத்தில், குழுவே தந்தை நிலையில் நின்று மக்களை வகுத்துக்கொள்கிறது. உறுப்பினரிடையே இரத்த உறவு இருந்ததா என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை.

பகான் கல்வெட்டு தனிமனிதர் ஒருவரை நமக்குக் காட்டுகிறது. எழுத்தமைதி கொண்டு இதனை 13ஆம் நூற்றாண்டினதாக ஹுல்ட்ஸ் மதிப்பிட்டார். முதலில் கிரந்த எழுத்தில் முகுந்தமாலைச் சுலோகம் ஒன்றும், அடுத்துத் தமிழ் உரைநடையும் உள்ளன. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த இராயிரன் சிறியான் என்னும் குலசேகர நம்பி, அங்கிருந்த நானாதேசி விண்ணகர்க் கோயிலில் மண்டபம் செய்து, கதவு இட்டு, நின்றெரிய ஒரு நிலைவிளக்கும் கொடுத்ததாக அவ்வுரைநடை கூறுகிறது. மகோதயர்பட்டினம் இன்றைய கொடுங்கல்லூர். மேலைக் கடற்கரையிற் பிறந்தவர் ஒருவர் ஐராவதி ஆற்றின் கரையில், கடலிலிருந்து மிகத் தொலைவில் நின்று தம் ஊரைச் சொல்கிறார். முகுந்தமாலை குலசேகரருடையதாகக் கருதப்படுவது. அப்பெயரையே அவரும் தாங்கியிருக்கிறார். பெயரும் பாட்டும் ஊரிலிருந்து வந்தவை. கோயிலோ அவர் ஊராருடையதன்று. பல தேசத்தார் எனப் பொருள்படும் நானாதேசிகளின் பெயரால் முன்பே நின்ற கோயில் அது. வந்தவர் அதில் மண்டபத்தைச் சேர்க்கிறார். மண்டபம் என்பது கூடுவதற்கும் தங்குவதற்கும் உரிய இடம். அதற்கே கதவும் விளக்கும். ஏற்கப்பட்டவர் அடுத்து ஏற்பவராகிறார்.

இவ்வழக்கம் ஒருதிசைப்பட்டதன்று. ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலத்தை அளித்ததை லெய்டன் பெரிய செப்பேடு கூறுகிறது. அவன் மகன் இராஜேந்திரன் 1025 அளவில் கடாரத்தின்மீது படையெடுத்தான். ஆயினும் விகாரம் நிலைத்தது. 1090இல் கடாரத்து அரசனின் தூதுவர் கேட்டுக்கொண்டபடி, விகாரத்துக்கு உரிய ஊர்களுக்கு முதலாம் குலோத்துங்கன் வரிவிலக்கு அளித்தான். பாரூஸில் ஐந்நூற்றுவர் கூடிப் பொன் கேட்டதற்கு இரண்டே ஆண்டுகளுக்குப் பின்னர் இது நிகழ்ந்தது.