தொண்டை நாட்டில் நூல் நூற்றோர்

நம் மரபினர் தறியால் வளர்ந்த வரலாறு இவ்விதழின்கண் பலமுறை எடுத்துரைக்கப்பட்டுளது. சோழர் படையிலே தெரிஞ்ச கைக்கோளப் படையினராய் நின்றமையும், கவிச்சக்கரவர்த்தி ஒட்டக்கூத்தரை நம் குலத்தவரெனப் போற்றி வருகின்றமையும், விசயநகர வேந்தர் காலத்தில் தொண்டை மண்டலத்துக் கைக்கோளர் தண்டு ஏறவும் சங்கு ஊதவும் உரிமை பெற்றமையும் நம் சிறுவர்க்கும் தெரிந்த செய்திகளே. அவற்றை மீண்டும் விரித்தல் வேண்டா. தறியில் ஏறிய நூல் எங்கிருந்து வந்தது? அதனை நூற்றோர் யாவர்? இவ்வினாக்களை எழுப்பினோர் நம்முள் மிகச் சிலர். ஆடையின் வரலாறு நெய்தவனது வரலாறாகவே எழுதப்பட்டு வருதல் பெருங்குறை யென்பது என் கருத்து. ஆதலின் செங்கற்பட்டையும் மாமல்லைக் கடற்கரையையும் நிலைக்களனாகக் கொண்டு, நூற்றோரைப்பற்றிச் சில கூறத் துணிந்தேன்.

முதற்கண் மொழியை நோக்குவோம். இழைக்கும் ஏட்டுக்கும் நூல் என்னும் ஒரே பெயரை வழங்குவது நம் தமிழ். பனுவல் என்னும் சொல்லும் அவ்வாறே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூல் என்னும் பெயர்க்குக் காரணங் கூறுமிடத்து, சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அவன் அறிவைக் கதிராகவும் உருவகஞ் செய்தார். மாணாக்கர் இதனை மனப்பாடஞ் செய்து பிழையின்றி ஒப்பிப்பர். ஆயின், உவமையாக வந்து நின்ற அப்பெண் யாவளென்று ஒரு மாணாக்கனேனும் வினவக் கேட்டிலேன். புலவனது தொழிலை விளக்குதற்கு நூற்பவளது தொழிலை அளவுகோலாக எடுத்த முனிவரின் துணிவு பெரிதன்றோ!

சங்கப் பாடல்களிலும் அவள் பெயரின்றியே தோன்றுகின்றாள். புறநானூற்றுப் பாட்டொன்றில், இரவிலே காட்டுப்பூனைக்கு அஞ்சி அலறிய இளம்பேடைக் கோழி, பஞ்சிலுள்ள தூசும் செத்தையும் நீக்குதற்கு எழுந்த பருத்திப்பெண்ணின் சிறு விளக்கொளியில் தன் சேவலைக் கண்டு அமைதியடைகின்றது. ஊர் உறங்கும் வேளையில் அவள் உறங்கவில்லை யென்பதைப் புலவர் சொல்லாமற் சொல்லிவிட்டார். நற்றிணையில் கபிலர், மலைமேற் படிந்த மென்முகிலுக்கு, ஆடவர் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிழையை உவமையாக்கினார். ஆதரவற்றார்க்கு அக்காலத்தே இத்தொழில் பிழைப்பாக இருந்தமை இதனாற் பெறப்படும். சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் காருகரைக் கூறுமிடத்துப் பட்டு, மயிர், பருத்திநூல் என மூன்றையும் ஒருசேர வைக்கின்றது. மயிரென்பதற்கு எலிமயிரென்று உரை காண்பாரும் உளர். எதன் மயிராயினும் ஆகுக. மயிரைத் திரித்து இழையாக்கி நெய்யுங் கலை நம் நாட்டிற்குப் பழையது என்னும் அளவே ஈண்டைக்கு வேண்டுவது.

கல்வெட்டுக்களோ நூற்போரை வரியினாலே மட்டும் அறியும். தறியிறை, தறிக்கடமை என்பன தறிக்கு விதித்தவை. நூலாயம், பஞ்சுப்பீலி என்பன நூலுக்கும் பஞ்சுக்கும் விதித்தவை. நெய்வோர் கோயிலுக்கு ஈந்த அறங்களைக் கல் பேசும். நூற்றவளிடம் வரியைக் கேட்டு வாங்கியவர், அவள் பெயரைக் கேட்டு எழுதவில்லை.

நிற்க. கடற்கரைக்கு வருவோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கற்பாக்கத்தை அடுத்துள்ள சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையின் இடிபாடு இன்றும் உளது. பதினேழாம் நூற்றாண்டு தொட்டு அவர்கள் அவ்விடத்திலிருந்து கப்பலேற்றிய சரக்குகளுள் மெல்லிய மசுலின் துணி பெயர்பெற்றது. 1781இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைக்கொண்டனர். 1782 பிப்ரவரியில் அக்கரைக்கு எதிரே ஆங்கிலக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் பொருதன. 1818இல் அவ்வூர் மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வந்து, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மறு ஆண்டில் ஆங்கிலேயர்க்கே உரியதாய் முடிந்தது. கோட்டைக்குள் ஒல்லாந்தர் கல்லறைகள் உள. அவற்றின்மேற் பெயரும் ஆண்டும் சித்திர வேலையும் அழகாகப் பொறிக்கப்பட்டுள்ளன. எத்துணைப் பெருஞ் செல்வத்துக்காக அவ்வணிகர் கடல் கடந்து வந்து ஈண்டு மடிந்தனரோ, அச்செல்வத்தின் முதல் இழை ஒரு குடிசைத் திண்ணையில் திரிக்கப்பட்டது.

சென்னையிலும் இதே செய்திதான். கவர்னர் மார்ட்டன் பிட் என்பார் காலத்தில், 1734ஆம் ஆண்டையொட்டி, சுங்குராமருடைய தோட்டத்தில் நெய்வோர், நூற்போர், துணியில் வண்ணந் தீட்டுவோர், வெளுப்போர் ஆகியோரைக் குடியேற்றிக் கும்பினியார் ஒரு பேட்டை கண்டனர். அதுவே சின்னத்தறிப்பேட்டை யென்றாகி, இந்நாளிற் சிந்தாதிரிப்பேட்டை யென வழங்குகின்றது. இருவகையாரும் ஒருங்கே குடியேறியும், ஊர்ப்பெயரில் தறி நின்றது, இராட்டை நிற்கவில்லை.

நெசவாளர் தமக்கு வேண்டிய நூல் முழுவதையும் தம் இல்லத்திலேயே நூற்றுக்கொண்டனரென்று நம்முட் பலர் எண்ணுவர். ஆராய்ச்சியாளர் காட்டுஞ் சான்றுகள் அவ்வெண்ணத்துக்கு மாறானவை. நம் இல்லப் பெண்டிர்க்குப் பாவோடுதலும், கஞ்சியிடுதலும், தார் சுற்றுதலுமே நாள் முழுதும் போதிய வேலை. பருத்தி தக்கணத்து உள்நாடுகளிலிருந்து இலம்பாடிகளின் எருதுப் பொதிகளில் வந்தது. அதனை வாங்கி நூற்றோர் உழவர் மனைப் பெண்டிரும், ஆதிதிராவிடப் பெண்டிரும், கைம்பெண்டிருமாவர். வயலில் வேலையில்லாத மாதங்களில் அவர் இராட்டை சுழன்றது. அந்நூல் சந்தைக்கு வந்தது. வணிகரிடம் பெற்ற முன்பணத்தைக் கொண்டு நம் முன்னோர் அதனை வாங்கினர். மழை பொய்த்து அரிசி விலை ஏறிய ஆண்டில் நூல் விலையும் ஏறியது. நெய்தவன் முன்பணத்திலே கடன்பட்டான்.

அவ்வுழைப்பின் அளவை ஒரு சிறு கணக்கினால் உணரலாம். 840 கெசம் ஒரு கழி. ஓர் இராத்தல் நூலில் எத்தனை கழி உண்டோ அத்தனை நெம்பர் என்பது ஆங்கிலேயர் முறை. 40ஆம் நெம்பர் நூல் ஓர் இராத்தலில் 33,600 கெசம் இருக்கும். அஃதாவது பத்தொன்பது மைலுக்குச் சிறிது மிகுதி. செங்கற்பட்டு நகரில் ஒரு தலைப்பைக் கட்டி மாமல்லபுரத்துக் கடற்கரை வரையில் அவ்விழையை ஓட்டிவிடலாம். கைதேர்ந்தவள் மணிக்கு 400 கெசம் நூற்பதாகக் கணக்குக்குக் கொண்டாலும், ஓர் இராத்தலுக்கு 84 மணி நேரமாகும்; நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் பத்தரை நாள். கொட்டை நீக்குதலும், வில்லாற் கொட்டுதலும், பட்டை உருட்டுதலும் இக்கணக்கிற் சேரவில்லை. ஒரு தறி ஓயாது ஓடுதற்கு நான்கைந்து இராட்டைகளேனும் வேண்டுமென்பது இதனால் விளங்கும்.

இதனைக் கூறுதல் நம்மவருட் சிலர்க்கு உவப்பாகாதென்று அறிவேன். நம் பெருமை நம் கையாலேயே ஆயிற்றென்று கேட்டுப் பழகிய செவிகள் நம்முடையவை. ஆயினும் ஒன்றை மறைத்து எழுதும் வரலாறு வரலாறாகாது. தெருவிலே ஒதுங்கி நிற்குமாறு யாரை நம்மவர் ஏவினரோ, அவர் கை தொட்டுத் திரித்த நூலே நம் தறியில் ஏறிற்று. அதுவே கோயிலிற் பரிவட்டமாகவும் மணப்பந்தலிற் கூறையாகவும் ஆகியிருத்தல் வேண்டும். நூலுக்கு இல்லாத தீட்டு நூற்றவளுக்கு எவ்வாறு வந்தது? இதற்கு விடை கூறாமல் நம் மரபு வரலாற்றை அச்சிடுதல் முறையன்று.

நூற்போர் வாழ்வு குலைந்தது இயந்திரத்தால். இந்தியத் துணி தம் நாட்டில் விற்றலாகாதென்று 1721இல் ஆங்கிலேயர் சட்டஞ் செய்தனர். பின்னர் ஆர்க்ரைட்டு 1769இலும், கிராம்ப்டன் 1779இலும் நூற்கும் பொறிகளை இயற்றினர். 1820ஆம் ஆண்டுகளில் லங்காஷயர் ஆலைநூல் இந்நாட்டுச் சந்தைகளில் வந்து குவியலாயிற்று. அது சீரானது, அறாதது, விலை குறைந்தது. நம் முன்னோர் அதனை வாங்கித் தறியிலேற்றிப் பிழைத்தனர். அதனாலன்றோ நாமும் இன்று உளோம். இராட்டையை நம்பியிருந்தவளுக்கு அவ்வழியும் இல்லை. அவள் வருவாய் ஒரு தலைமுறைக்குள் வற்றிற்று. 1876இல் சென்னைப் பெரம்பூரிலேயே பக்கிங்ஹாம் ஆலை தோன்றியபொழுது, சுற்றூர்களில் இராட்டை பரணிற் கிடந்த பொருளாயிற்று. நெய்தவன் துயரைப் பாடியோர் பலர். அவனுக்கு முன்னே வீழ்ந்தவளைப் பாடினார் யார்?

நூற்றலும் நெய்தலும் ஓரில்லத்தே பிரியாதிருந்த தொழிலொன்றும் நம் நாட்டில் உண்டு. அது குறும்பர் கம்பளித் தொழில். தொண்டை மண்டலத்துக்கும் அவர்க்கும் பழந்தொடர்பு கூறுவர். கர்னல் மெக்கன்சி தொகுப்பித்த ஏடுகளிற் காணும் செவிவழிக் கதைப்படி, ஆதொண்டைச் சோழன் வருமுன் இம்மண்டலத்தை இருபத்துநான்கு கோட்டங்களாக்கி ஆண்டவர் குறும்பரே. புழற்கோட்டை அவர் தலையிடம். திருமுல்லைவாயிற் கோயிலிலுள்ள எருக்கந்தூண்கள் அக்கோட்டையிலிருந்து கொணர்ந்தவை யென்று அத்தலத்தார் கூறுப. கதையை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆடு மேய்த்துக் கம்பளி நெய்தவரை நாடாண்டவராக நினைவிற் கொண்ட நாடு இஃது என்பதே எனக்கு வியப்பு.

இந்நாளிலோ செங்கற்பட்டுப் புன்செய்களில் மேய்வது சென்னைச் சிவப்பு என்று கால்நடை நூலார் வழங்கும் செம்மறி. அதன் உடலிற் குறுமயிரே உண்டு; திரித்தற்குரிய கம்பளி இல்லை. கம்பளி தருவன கொங்குநாட்டுக் குறும்பையும், திருச்சிராப்பள்ளி, சேலம், தருமபுரிச் சீமைகளிலுள்ள கருங்குறும்பையுமாம். நீலகிரி ஆட்டின் கம்பளி இன்னும் மெல்லியது. குறும்பர் ஆட்டை நீரிற் குளிப்பாட்டி, கத்தரியால் மயிர் கத்தரித்து, வில்லாற் கொட்டிப் பொதிர்ப்பர். பெண்டிர் அதனைத் திரித்து இழையாக்குவர். பாவுக்குப் புளியங்கொட்டைப் பசை ஏற்றி ஆடவர் நெய்வர். சாயம் வேண்டா, ஆட்டின் கருமையே ஆடையின் கருமை. முரடான அக்கம்பளி இடையனுக்கு மழையில் முக்காடு, இரவிற் படுக்கை, பனியிற் போர்வை. ஆடும் இழையும் தறியும் ஒரு குடிக்குள் அடங்கியிருந்தமையின், பருத்தி நூற்றவளைப்போல் அவ்வில்லத்துப் பெண் திடீரெனத் தனித்து விடப்படவில்லை. பிற்காலத்தே பானிப்பட்டு முதலிய இடங்களிலிருந்து மலிவான ஆலைக் கம்பளிகள் வந்தபொழுது, அக்குடி முழுவதுமே சேர்ந்து தளர்ந்தது.

பருத்தி இராட்டைக்கு மீண்டும் ஒரு காலம் வந்தது. 1925இல் அகில பாரத சர்க்கா சங்கம் தோன்றிற்று. அவ்வாண்டிலேயே இராஜாஜி திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவினார். கைந்நூல் அடிக்கடி அறுதலின் அதனை நெய்ய நம்மவர் பலர் முகஞ் சுளித்தனர். அவரைக் குறைகூற மாட்டேன். கூலி முழத்துக்கென்றால் அறும் இழை பட்டினியன்றோ! ஆயின் 1935இல் அச்சங்கத்தார் காந்தியடிகளின் வற்புறுத்தலால், கதர் விலை ஏறினும் ஏறுக, நூற்போர் கூலியை உயர்த்துக என்று தீர்மானித்தது நினைக்கத்தக்கது. நூற்றவளது நாளுக்கு ஒரு விலை உண்டென்று ஒரு பெருஞ்சபையார் எழுத்திலே ஒப்புக்கொண்டனர். பின்னர்த் திருநெல்வேலிச் சீமையினராகிய ஏகாம்பரநாதர் அமைத்த பல கதிர் இராட்டை, அவர் பெயரின் பகுதியால் அம்பர் சர்க்கா எனப் பெயர்பெற்று, 1956இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டத்தில் நாடெங்கும் பரவிற்று.

கூலிக்கணக்கே முழுக்கணக்கு அன்று. இத்தொழிலில் ஓர் இன்பமும் உண்டு. தக்ளியைச் சுழற்றிவிட்டு, பட்டையினின்று இழை தானே நீண்டு வருவதை முதன்முறை கண்ட மாணவர் ஆரவாரித்ததை வகுப்பிலே கண்டிருக்கின்றேன். பத்துப்பேர் சூழ இருந்து நூற்றால் கை தொழிலில் நிற்க, வாய் கதைக்கு ஓய்வு பெறும். நூற்பு வேள்வியென்று காந்தி ஜயந்தி நாளிற் கூடி நூற்றோர் இதனை நன்குணர்வர். மாமல்லைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்திரத்தில் காஞ்சி நெசவாளர் வீடொன்று அமைத்துள்ளனர். விடுமுறையில் நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுக. ஆண்டுத் தறியின்முன் நிற்கும்பொழுது, அத்தறிக்கு நூல் தந்த வீடு எங்கேயிருந்ததென்றும் அவர்க்குச் சொல்லுக.

நம் இல்லங்களில் எண்பது, தொண்ணூறு அகவை கடந்த பாட்டிமார் இன்னும் சிலர் உளர். பஞ்சு, பட்டை, கதிர், கழி, சிட்டம், பாவு, தார் ஆகியவற்றைச் சார்ந்த சொற்கள் அவர் நாவில் உள்ளன. அகராதிகளில் அவற்றிற் பாதியும் ஏறவில்லை. தம் ஊருக்கு நூல் கொண்டுவந்து கொடுத்தவர் யாவர், எந்தச் சந்தைக்கு எந்நாளில் வந்தனர், அவரை என்ன முறை சொல்லி அழைத்தனர் என்பவற்றையும் அவர் தம் தாயரிடங் கேட்டிருத்தல் கூடும். அன்பர்கள் அவற்றை அவர் சொல்லியவாறே, திருத்தாமல், ஊர்ப்பெயரோடு எழுதி நம் சங்க நிலையத்துக்கு அனுப்புவாராயின், தொகுத்து முறைப்படுத்தும் பணியை யான் ஏற்றுக்கொள்வேன். குறும்பர் குடியினரோடு பழக்கமுள்ள அன்பர்கள் கம்பளித் தொழிற் சொற்களையும் உடன் சேர்த்து அனுப்புக.