மூன்றாம் வகுப்பும் இரு நாடுகளும்

புகையிரத வரலாற்றை எஞ்சின்களின் வரலாறாக எழுதுவோர் மூன்றாம் வகுப்புப் பிரயாணியை மறந்துவிடுகின்றனர். இங்கிலாந்தில் அவன் தொடக்கத்திற் பெரும்பாலும் கூரையற்ற வண்டிகளிலேயே ஏற்றப்பட்டான். 1841இல் சொனிங் அருகே நிகழ்ந்த விபத்தில் அத்தகையோர் பலர் மாண்டனர். 1844ஆம் ஆண்டுச் சட்டம், மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படாத கட்டணத்தில், மழை படாத வண்டியொன்றை நாள்தோறும் ஓட்டுமாறு கம்பனிகளைக் கட்டாயப்படுத்தியது. பின்னர் கம்பனிகளிடையே எழுந்த போட்டியும் துணைசெய்தது; 1872இல் மிட்லண்ட் கம்பனி தன் எல்லா வண்டிகளிலும் அவ்வகுப்பாரை ஏற்றத் தொடங்கியது.

1853இல் பிரயாணிகள் புகையிரதம் ஓடத் தொடங்கிய இந்தியாவிலோ, கம்பனிகளின் முதலுக்கு ஐந்து வீத வட்டியை அரசே உறுதிசெய்திருந்தது. குறைந்ததை ஈடுசெய்தது மக்களின் வரிப்பணம். பிரயாணியை மகிழ்விக்கவேண்டிய தேவை எங்கிருந்து எழும்? பிரயாணிகள் வருவாயிற் பெரும்பகுதியை அளித்தோர் மூன்றாம் வகுப்பாரே. எனினும், அவ்வகுப்பின் நெரிசலையும் அழுக்கையும் கண்டித்துக் காந்தியடிகள் 1917இல் எழுதவேண்டியிருந்தது. அப்பெயர்தானும் அங்கு நீங்கியது 1974இலேயே.