ஃப்ரைஃபுங்க்: ஜெர்மனியின் சமூகக் கம்பியில்லா வலையமைப்பு

ஃப்ரைஃபுங்க் என்பது ஜெர்மனியில் தன்னார்வலர்கள் உருவாக்கி நடத்திவரும் பொதுக் கம்பியில்லா வலையமைப்பு. வீட்டு ஜன்னல், கடை, தேவாலயக் கோபுரம், நகர மன்றக் கட்டடம் எனக் கிடைத்த இடத்திலெல்லாம் வைஃபை ரவுட்டர்களை நிறுவி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து இதைக் கட்டியிருக்கிறார்கள். பயன்படுத்துவோருக்குக் கட்டணம் இல்லை, பதிவு இல்லை, கடவுச்சொல் இல்லை. 2002–03ஆம் ஆண்டுகளில் பெர்லினில் தொடங்கிய இந்த இயக்கத்துக்குத் தலைமையகம் கிடையாது. ஊருக்கு ஊர் தனிக் குழு. ஒவ்வொரு குழுவும் தன் முடிவுகளைத் தானே எடுக்கிறது. 2010களின் பிற்பகுதியில் இப்படி ஏறத்தாழ 400 குழுக்களும், 40,000ஐ ஒட்டிய ரவுட்டர்களும் இருந்தன.

இதே காலகட்டத்தில் தோன்றிய உறவு முயற்சிகள் பல. வியன்னாவின் ஃபுங்க்ஃபாயர், ஏதென்ஸ் நகரக் கம்பியில்லா வலையமைப்பு, 2004இல் கட்டலோனியாவின் ஒசோனா வட்டாரத்தில் தொடங்கிய குய்ஃபி.நெட் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இந்தியாவில் திபெத்திய அகதிகள் வாழும் தர்மசாலாவில் 2005இல் அமைந்த வலையமைப்பும் இந்த வரிசையில் சேரும். அளவில் குய்ஃபி.நெட்டும் பெரியது. ஆனால் சட்டத்தோடு நேருக்கு நேர் மோதி, நீண்ட காலம் தாக்குப்பிடித்து, கடைசியில் சட்டமே மாறுவதைக் கண்டது என்ற வகையில் ஃப்ரைஃபுங்கின் வரலாறு தனித்து நிற்கிறது.

தோற்றம்

ஃப்ரைஃபுங்க் பிறந்ததற்கு ஒரு காரணம் நவீனத் தொழில்நுட்பம் முன்கூட்டியே வந்துவிட்டதுதான். 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு, கிழக்குப் பகுதியின் பழைய தொலைபேசிக் கட்டமைப்பைப் புதுப்பிக்கும் பணி தொடங்கியது. ஓப்பால் என்ற திட்டத்தின்கீழ் பல பகுதிகளில் செம்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழையைப் பதித்தார்கள். அன்றைக்கு அது எதிர்காலத்துக்கான ஏற்பாடு. பத்தாண்டு கழித்து டிஎஸ்எல் அகலப்பட்டை இணையம் வந்தபோதோ, அது செம்புக் கம்பியில் மட்டுமே ஓடக்கூடியதாக இருந்தது. தொலைபேசிக்காகப் போட்டிருந்த அந்தக் கண்ணாடி இழையில் அதைக் கொடுக்க வழியில்லை. கிழக்கு பெர்லினின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹைன் உள்ளிட்ட பகுதிகளில் வசித்தவர்கள், பக்கத்துப் பகுதிகளுக்குக் கிடைத்த இணைப்பு தங்களுக்குக் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

வாடகை குறைவான அந்தப் பகுதிகளில் மாணவர்களும் கலைஞர்களும் நிரலாளர்களும் குடியிருந்தார்கள். யாராவது ஒருவருக்கு நல்ல இணைப்பு இருந்தால், அதைக் கூரைக்குக் கூரை வைஃபை வழியாகக் கடத்திப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளலாமே என்ற எண்ணம் இவர்களிடையே எழுந்தது. லண்டனில் 2000ஆம் ஆண்டில் தொடங்கியிருந்த கன்ஸ்யூம் என்ற முயற்சி அதற்கு முன்மாதிரி. 2002 அக்டோபரில் லண்டன் குழுவினரும் பெர்லின் ஆர்வலர்களும் பெர்லினில் கூடிப் பேசினார்கள். இரு நகரங்களின் பெயரையும் சேர்த்து அந்தச் சந்திப்புக்கு பெர்லான் என்று பெயரிட்டிருந்தார்கள். யூர்கன் நாய்மன் உள்ளிட்டோர் ஃப்ரைஃபுங்கைத் தொடங்க, 2003இல் அதற்குத் துணையாகப் பதிவுபெற்ற சங்கம் ஒன்றும் உருவானது. சங்கம் வலையமைப்பின் உரிமையாளர் அல்ல. பணம், சட்டம், விளம்பரம் ஆகியவற்றில் உதவுவதே அதன் வேலை.

உடன்படிக்கை

ஒவ்வொரு ரவுட்டரும் அதை வாங்கியவருக்கே சொந்தம். அப்படியானால் ஆயிரம் பேருடைய ஆயிரம் கருவிகள் எந்த நம்பிக்கையில் ஒரே வலையமைப்பாக நடக்கின்றன? விடை, பிக்கோ பியரிங் உடன்படிக்கை என்ற ஒரு பக்க ஆவணத்தில் இருக்கிறது. பல நாட்டுச் சமூக வலையமைப்புகள் சேர்ந்து வகுத்தது அது. என் கருவியின் வழியே கடந்துபோகும் பிறருடைய தரவைத் தடுக்கவோ மாற்றவோ மாட்டேன், அதற்குக் காசும் கேட்க மாட்டேன் என்பது அதன் முதல் விதி. வலையமைப்பில் சேரத் தேவையான தகவல்களைத் திறந்துவைக்க வேண்டும். சேவைக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். இந்த எல்லைக்குள் ஒவ்வொருவரும் தத்தம் பயன்பாட்டு விதிகளை வைத்துக்கொள்ளலாம். கருவி தனியாருடையது, வழி பொதுவானது என்ற இந்த ஏற்பாடே ஃப்ரைஃபுங்கின் அடித்தளம். அதன் தொழில்நுட்பத்தைவிட இதையே பெரிய சாதனையாகச் சொல்ல வேண்டும்.

கருவியும் நிறுவலும்

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் வெளியிட்ட டபிள்யூஆர்டி54ஜி என்ற வீட்டு ரவுட்டர் இந்த இயக்கத்துக்கு எதிர்பாராத கொடையாக அமைந்தது. அதற்குள் லினக்ஸ் ஓடுவதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிம நிபந்தனைப்படி மூலநிரலை வெளியிட்டாக வேண்டும் என்ற வற்புறுத்தலுக்குப் பிறகு, 2003இல் நிறுவனம் அதை வெளியிட்டது. அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற இயங்குதளம் வளர்ந்தது. கடையில் வாங்கும் மலிவான பெட்டியை யார் வேண்டுமானாலும் வலையமைப்பின் கணுவாக, அதாவது இணைப்புப் புள்ளியாக, மாற்றலாம் என்ற நிலை வந்தது. பிற்காலத்தில் லூபெக் குழு உருவாக்கிய குளுவான் என்ற மென்பொருள் தொகுப்பை நாட்டின் பெரும்பாலான குழுக்கள் ஏற்றுக்கொண்டன.

குளுவானை ஏற்றிய ரவுட்டரைக் கணினியோடு இணைத்துத் திறந்தால் சில கேள்விகள் மட்டுமே வரும். கணுவுக்கு என்ன பெயர்? வீட்டு இணையத்தின் வழியே குழுவின் வழங்கிக்கு இணைப்பு கொடுக்கலாமா? கொடுத்தால் எவ்வளவு வேகம் வரை? இருப்பிடத்தை வரைபடத்தில் காட்டலாமா? பழுது வந்தால் யாரைத் தொடர்புகொள்வது? விடைகளை நிரப்பிச் சேமித்ததும் ரவுட்டர் மறுபடி துவங்கி, இரண்டு வேலைகளைச் சேர்ந்தே செய்யும். தெருவில் போகிறவர்களுக்குத் திறந்த வைஃபையாகத் தெரியும். மறுபுறம், தன்னைப் போன்ற ரவுட்டர் அருகில் இருக்கிறதா என்று தேடி, கண்டால் கைகோத்துக்கொள்ளும். சற்று நேரத்தில் ஊர்க் குழுவின் இணைய வரைபடத்தில் புதிய புள்ளி ஒன்று தோன்றும். பக்கத்துப் புள்ளிக்கு ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கும். கோட்டின் நிறம் இணைப்பின் தரத்தைச் சொல்லும். நிரல் எழுதத் தெரியாத ஒருவர், ஒரு மாலைப் பொழுதில் தன் தெருவுக்கு ஒரு பொதுச் சொத்தைச் சேர்த்துவிட முடிந்தது இப்படித்தான்.

தொலைதூர இணைப்புகள் வேறு ரகம். ஜெர்மனியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுமதிக்கப்பட்ட உச்சத் திறன் 100 மில்லிவாட். 5 கிகாஹெர்ட்ஸின் மேற்பகுதியில் கட்டடத்துக்கு வெளியே ஒரு வாட் வரை போகலாம். ஆனால் ரேடார் அலை தென்பட்டால் கருவி உடனே அந்தத் தடத்தைவிட்டு விலக வேண்டும். இடையில் மரமோ கட்டடமோ இல்லாத நேர்ப்பார்வை வேண்டும் என்பதால் பெர்லின் குழுவினர் தேவாலயக் கோபுரங்களையும் நகர மன்றக் கோபுரங்களையும் நாடினார்கள். அனுமதி கேட்டுப் பாதிரியாரிடமும் அதிகாரிகளிடமும் பேசுவது, ஆண்டெனாவைச் சுமந்துகொண்டு கோபுரம் ஏறுவது எல்லாம் ஊதியமில்லாத வேலைதான்.

வழி கண்டுபிடிக்கும் கலை

நூறு ரவுட்டர்கள் கொண்ட வலைப்பின்னலில் ஒரு தரவுப் பொட்டலம் எந்த வழியாகப் போக வேண்டும்? நடுவில் கட்டளையிடும் கணினி கிடையாது. கணுக்கள் வரும், போகும். மழையில் இணைப்பு மங்கும். முதலில் பெர்லின் குழு ஓஎல்எஸ்ஆர் என்ற நெறிமுறையைப் பயன்படுத்தியது. 2003இல் வெளியான அதன் வரையறை, ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் போகும் தாவல்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல வழி என்று கணக்குப் போட்டது. காகிதத்தில் சரியாகத் தெரிந்த இது கூரையில் தோற்றது. இரண்டு நல்ல இணைப்புகளைத் தாண்டிப் போவதை விட்டுவிட்டு, தொலைவில் உள்ள ஒரு நலிந்த இணைப்பின் வழியே ஒரே தாவலில் போகப் பார்க்கும். பாதிப் பொட்டலங்கள் தொலைந்துபோகும்.

2004 ஜூனில் பெர்லினில் நடந்த விசார்ட்ஸ் ஆஃப் ஓஎஸ் மாநாட்டில் இந்தக் குறை வெட்டவெளிச்சமானது. அதையடுத்து ஃப்ரைஃபுங்க் நிரலாளர்கள், அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் வகுத்திருந்த ஈடிஎக்ஸ் அளவையை ஓஎல்எஸ்ஆருக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு பொட்டலம் மறுமுனைக்குப் பத்திரமாகச் சேர்ந்து, அதற்கான ஒப்புகையும் திரும்பிவர, சராசரியாக எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்பதே அந்த அளவை. போகும் திசையில் பத்துக்கு எட்டும் வரும் திசையில் பத்துக்கு ஐந்தும் தேறினால், இரண்டையும் பெருக்கிக் கிடைக்கும் வாய்ப்பு 0.4, அதாவது சராசரியாக 2.5 முறை அனுப்ப வேண்டும். குறையே இல்லாத இரண்டு தாவல்களின் கூட்டு மதிப்பு 2 என்பதால், இரண்டு தாவல் வழியே சிறந்தது என்று ரவுட்டர் இப்போது சரியாகத் தீர்மானிக்கும்.

வலையமைப்பு சில நூறு கணுக்களாக வளர்ந்ததும் அடுத்த சிக்கல் வந்தது. ஓஎல்எஸ்ஆரில் ஒவ்வொரு ரவுட்டரும் முழு வலையின் வரைபடத்தையும் மனத்தில் வைத்து அடிக்கடி கணக்கிட வேண்டும். 200 மெகாஹெர்ட்ஸ் செயலிகள் திணறின. அதற்கு மாற்றாகப் பெர்லின் குழுவினர் வடிவமைத்ததே பேட்மேன் நெறிமுறை. வழி கேட்பவரிடம் முழு வழியையும் ஒப்பிக்காமல், அந்தத் தெருமுனையில் போய்க் கேளுங்கள் என்று கை காட்டுகிறவரைப் போல, ஒவ்வொரு கணுவும் ஒரு தொலைதூரக் கணுவை அடைய எந்த அண்டைக் கணுவிடம் கொடுத்தால் போதும் என்பதை மட்டும் அறிந்திருக்கும். ஒவ்வொரு கணுவும் சீரான இடைவெளியில் வெளியிடும் சிறு அறிவிப்புகள் எந்தப் பக்கத்திலிருந்து அதிகம் வந்து சேர்கின்றன என்று எண்ணியே அது இதைக் கற்றுக்கொள்கிறது. இதன் மேம்பட்ட வடிவமான பேட்மேன்-அட்வான்ஸ்டு 2011 மார்ச்சில் லினக்ஸ் கருநிரலின் 2.6.38 பதிப்பில் சேர்ந்தது. பெர்லின் கூரைகளில் பிறந்த நிரல் இன்று லினக்ஸோடு சேர்ந்தே உலகெங்கும் கிடைக்கிறது.

எந்த நெறிமுறையாலும் தீராத குறையும் உண்டு. ஒரே அலைத்தடத்தில் ஒரு ரேடியோ மட்டும் கொண்ட ரவுட்டரால், தரவைப் பெறும்போது அனுப்ப முடியாது. ஆகவே தாவலுக்குத் தாவல் வேகம் ஏறத்தாழப் பாதியாகும்.

சட்டத்தோடு போராட்டம்

ஃப்ரைஃபுங்கின் வளர்ச்சியைத் தடுத்தது தொழில்நுட்பம் அல்ல, சட்டம். ஸ்டோரர்ஹாஃப்டுங் என்ற ஜெர்மன் சட்டக் கோட்பாட்டின்படி, தான் தவறு செய்யாவிட்டாலும் பிறர் உரிமை மீற இடம்கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டும். 2010 மே 12 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதை வைஃபைக்கும் பொருத்தியது. அந்த வழக்கில் வீட்டுக்காரர் விடுமுறையில் வெளியூர் போயிருந்தார். அவருடைய இணைப்பிலிருந்து ஒரு பாடல் சட்டவிரோதமாகப் பகிரப்பட்டிருந்தது. இழப்பீடு தர வேண்டியதில்லை, ஆனால் வைஃபையை முறையாகப் பூட்டாமல் விட்டது அவர் பொறுப்பு என்றது நீதிமன்றம். அறிமுகமில்லாத யாரோ ஒருவர் படம் தரவிறக்கியதற்காக வழக்கறிஞர் நோட்டீஸும் நூற்றுக்கணக்கான யூரோ செலவும் தன் தலையில் விழும் என்ற அச்சத்தில், மக்கள் தங்கள் வைஃபைக்குப் பூட்டுப் போட்டார்கள். அண்டை நாடுகளில் தேநீர்க் கடையில்கூடக் கிடைத்த திறந்த வைஃபை ஜெர்மனியில் அரிதானது.

ஃப்ரைஃபுங்க் குழுக்கள் இதற்கு மாற்றுவழி கண்டன. பயனரின் தரவை மறைகுறியாக்கிய சுரங்கப்பாதை வழியாக வெளிநாட்டு வழங்கி ஒன்றுக்கு அனுப்பி அங்கிருந்து இணையத்தில் விட்டன; சுவீடன் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. ரவுட்டர் வைத்தவரின் முகவரி வெளியே தெரியாது. ஃப்ரைஃபுங்க் ரைன்லாண்ட் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய்த் தன்னையே இணையச் சேவை வழங்குநராகப் பதிவுசெய்துகொண்டது. பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குச் சட்டம் தந்திருந்த அதே பாதுகாப்பு இதனால் தன்னார்வலர்களுக்கும் கிடைத்தது.

மியூனிக் அருகே கடை நடத்திய டோபியாஸ் மெக்ஃபேடன், சோனி நிறுவனத்துக்கு எதிராக நடத்திய வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2016 செப்டம்பர் 15 தீர்ப்பு, திறந்த வைஃபை தருபவர் இழப்பீட்டுக்குப் பொறுப்பல்ல என்றது. ஆனால் கடவுச்சொல் வைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றும் சேர்த்தது. பாதி வெற்றிதான். 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் வைஃபை தருவோர் மீதான நோட்டீஸ் செலவை நீக்கியது. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2020ஆம் ஆண்டின் வரிச் சட்டத்திருத்தம் ஃப்ரைஃபுங்கை அமெச்சூர் வானொலியோடு சேர்த்துப் பொதுநலப் பணிகளின் பட்டியலில் வைத்தது. சங்கங்கள் வரிச்சலுகையோடு நன்கொடை பெற வழி பிறந்தது.

நெருக்கடிகளில்

2015இல் ஜெர்மனிக்கு ஏறத்தாழ 8,90,000 பேர் அடைக்கலம் தேடி வந்தார்கள். விளையாட்டு அரங்குகளிலும் பழைய ராணுவக் குடியிருப்புகளிலும் தங்கவைக்கப்பட்ட அவர்களுக்கு, ஊரில் விட்டுவந்த குடும்பத்தோடு பேச இணையமே முக்கிய வழி. திறந்த வைஃபை தர அதிகாரிகள் தயங்கிய இடங்களில், பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து முகாமை நோக்கி ஆண்டெனாவைத் திருப்பி இணைப்புத் தந்தவர்கள் ஃப்ரைஃபுங்க் தன்னார்வலர்கள்.  2021 ஜூலையில் மேற்கு ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கை வெள்ளம் அழித்து, தொலைபேசிக் கட்டமைப்பு குலைந்தபோதும் இவர்கள் ரவுட்டர்களோடு போய் நிவாரண இடங்களை இணைத்தார்கள்.

குறைகளும் இன்றைய நிலையும்

சட்டத்திலிருந்து தப்பக் கட்டிய சுரங்கப்பாதைகள் வலையமைப்பின் இயல்பையே மாற்றின என்பது உள்ளிருந்தே எழும் விமர்சனம். பல ஊர்களில் கணுக்கள் ஒன்றோடொன்று காற்றில் பேசுவதில்லை. ஒவ்வொன்றும் வீட்டு இணையம் வழியாகக் குழுவின் மைய வழங்கிக்குத்தான் போகிறது. வழங்கி விழுந்தால் ஊரே விழும். அதைப் பார்த்துக்கொள்பவர்களோ ஊருக்கு நாலைந்து பேர். அவர்கள் வேலை மாறினால், களைத்துப்போனால், வரைபடத்தில் புள்ளிகள் கொத்துக்கொத்தாக மறைகின்றன. மலிவான மொபைல் டேட்டா வந்த பிறகு புதிதாக ரவுட்டர் வைப்பவர்களும் குறைந்துவிட்டார்கள்.

ஒப்பிட்டால் குய்ஃபி.நெட் வேறு வழியில் போனது. 2008இல் அறக்கட்டளை அமைத்து, சிறு நிறுவனங்கள் கட்டணம் வாங்கிச் சேவை தரவும், பொது வலையின் செலவைப் பங்கிட்டுக்கொள்ளவும் விதி வகுத்து, கண்ணாடி இழையும் பதித்தது. பராமரிப்புக்கு ஊதியம் கிடைக்கும் அந்த அமைப்பே நீடிப்பதற்கு உறுதியானது. ஃப்ரைஃபுங்க் ஊதியமில்லாத உழைப்பையே நம்பியது. அதன் வலிமையும் அதன் தளர்ச்சியும் அங்கிருந்தே வந்தன. பெர்லின் உள்ளிட்ட பல நகரங்களில் குழுக்கள் இன்றும் இயங்குகின்றன. குளுவானின் மூலநிரல் அனைவருக்கும் திறந்தே இருக்கிறது.