எவரும் அனுப்பாத ஒலி: இடைப்பண்பேற்றத் திரிபின் வரலாறு

இரண்டு ஒலிகளை அனுப்பினால் இரண்டே வந்து சேரவேண்டும் என்பது செய்தித் தொடர்பில் யாவரும் எதிர்பார்ப்பது. ஆயினும் எவரும் அனுப்பாத மூன்றாம் ஒலியொன்று வழியிற் பிறந்து செவியை அடைவதுண்டு. இலத்திரன் சுற்றுக்களில் இது நிகழும்போது அதனை இடைப்பண்பேற்றத் திரிபு என்பர். இதனை நூலிற் கற்பதற்கு முன்னரே யான் வெள்ளவத்தையிற் கேட்டதுண்டு. எங்கள் வீட்டு வானொலியில் ஒரு நிலையத்தின் செய்திக்குப் பின்னால் வேறொரு நிலையத்தின் பாட்டு மெல்லெனக் கேட்கும். மழை பெய்தால் அது மறையும். வெயில் எறித்தால் மீளும். நிலையத்தாரின் பிழை என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம்.

கொழும்பின் வானிலே முதலில் இத்தொல்லைக்கு இடமிருக்கவில்லை. 1923 ஆம் ஆண்டு எட்வேட் ஹாப்பர் என்னும் பொறியியலாளர் மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து இசைத்தட்டுக்களை ஒலிபரப்பிப் பரிசோதித்தார். 1925 டிசெம்பர் 16 இல் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. ஒரே நிலையம் ஒலித்தவரை அதனோடு கலப்பதற்கு அயலில் வேறொன்று இல்லை. நிலையங்கள் பலவானபோதே கலப்பும் வந்தது.

மூன்றாம் ஒலியின் வரலாறோ வானொலியினும் மிகப் பழையது. இத்தாலிய வயலின் மேதை தார்த்தினி, இரு சுரங்களை ஒருங்கே உரத்து வாசிக்கையில் அவற்றின் கீழே மூன்றாவதொரு சுரம் எழக் கேட்டார். 1714 இல் இதனைக் கண்டதாகக் கூறிய அவர், 1754 இலேயே நூலில் எழுதினார். அதற்குள் ஜெர்மனியரான சோர்கே 1745 இல் இதனை வெளியிட்டுவிட்டார். தார்த்தினி இதனைக் குறையாகக் கொள்ளவில்லை. மூன்றாம் சுரம் கேளாவிடில் இரு சுரங்களும் செம்மையாய் அமையவில்லை என்று மாணாக்கருக்கு உணர்த்தினார். பின்னர் 1856 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். தாக்கத்திற்கு நேர்விகிதமாக அசையாத எப்பொருளும், தன்மீது விழும் இரு அதிர்வுகளைக் கலந்து புதியனவற்றை ஈனும் என்பதே அதன் சாரம்.

ஒரு பெருக்கியை எடுத்துக்கொள்வோம். ஒரு செக்கனுக்கு 1000, 1100 அதிர்வுகள் கொண்ட இரு ஒலிகளை அதனுட் செலுத்துகிறோம். பெருக்கியின் போக்கு நேர்கோடாயின் அவ்விரண்டுமே பெரிதாகி வெளிவரும். கோடு வளைந்திருப்பின், வளைவின் இருமடிப் பகுதியால் 100 உம் 2100 உம் பிறக்கும்; மும்மடிப் பகுதியால் 900 உம் 1200 உம் பிறக்கும். பின்னைய இரண்டுமே கொடியவை. மூலஒலிகளுக்கு மிக அண்மையில் நிற்பதால் அவற்றை வடிகட்டி நீக்குதல் அரிது. மேலும், உள்ளிடும் ஒலிகளை இரட்டித்தால் மூலஒலிகள் இருமடங்காக, இவை எண்மடங்காகும்.

இக்கணக்கு தொலைபேசித் துறைக்கு உயிர்நிலையாயிற்று. ஒரே கம்பியிற் பல உரையாடல்களை அனுப்ப முற்பட்டபோது, வழிநெடுக வைத்த பெருக்கிகள் ஒருவர் பேச்சை மற்றவர் பேச்சோடு கலந்தன. இதற்குத் தீர்வு தேடிய ஹரல்ட் பிளக், 1927 ஆகஸ்ட் 2 இல் ஹட்சன் ஆற்றைப் படகிற் கடக்கையில் விடை கண்டு, கையிலிருந்த செய்தித்தாளிலே அதனை வரைந்தார். வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே எதிர்த்திசையில் மீட்டுவிடும் மறைப் பின்னூட்டலே அது. பெருக்கம் குறையும், திரிபும் உடன் குறையும்.

1933 இல் வானமே இத்தகைய கலப்பைச் செய்வது தெரியவந்தது. ஒல்லாந்தில் சுவிற்சர்லாந்து நிலையமொன்றைக் கேட்டுக்கொண்டிருந்த தெலகன், அதன் பின்னணியில் லக்சம்பேர்க் நிலையத்தைக் கேட்டார். வலிய அலை அயனமண்டலத்து இலத்திரன்களை வெப்பமூட்ட, அவ்வழிச் செல்லும் மற்ற அலை அதன் சாயலைப் பெறுகின்றது என்று பெய்லியும் மாட்டினும் 1934 இல் விளக்கினர். அறிஞர் இதனைக் குறுக்குப் பண்பேற்றம் என்பர். நம் பொருளுக்கு இது உடன்பிறப்பு.

ஒரு வளைவுக்குக் கையாற் கணக்கிடலாம். பல திரான்சிஸ்டர்கள் கூடிய சுற்றுக்கு அது இயலாது. 1973 இல் கலிபோர்னியாவின் பேர்க்கிலியில், பேராசிரியர் பெடர்சனின் வழிகாட்டலில் நேகல் ஆக்கிய ஸ்பைஸ் என்னும் கணினி நிரல் இவ்விடத்தே துணைவந்தது. சுற்றின் ஒவ்வொரு சந்தியிலும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை பூச்சியமாதல் வேண்டும். நிரல் மின்னழுத்தங்களை முதலில் ஊகித்து, அவ்விதி நிறைவேறும்வரை திருத்தி, பின் காலத்தில் ஒரு சிற்றடி முன்னேறும். இதுவே ஒப்புருவாக்கம். விலையுயர்ந்த அளவீட்டுக் கருவிகள் இல்லாத பாடசாலையிலும் கணினியொன்று இருப்பின் இதனைச் செய்யலாம்.

மேற்கூறிய இரு ஒலிகளையும் ஒற்றைத் திரான்சிஸ்டர்ப் பெருக்கியில் இட்டு, வெளியீட்டை அதிர்வெண்வாரியாகப் பகுத்தால் 900 உம் 1200 உம் திரையில் எழுந்து நிற்பதைக் காணலாம். திரான்சிஸ்டரின் காலி முனையில் ஒரு தடையைச் சேர்த்தால் பெருக்கம் தாழும். அவ்விரண்டும் அதனினும் விரைந்து தாழும். பிளக் படகில் வரைந்ததை மாணாக்கன் தன் மேசையிலே காண்கின்றான். ஆனால் ஓர் எச்சரிக்கை. இவ்விரு ஒலிகளின் கூட்டலை 10 மில்லிசெக்கனுக்கு ஒருமுறையே முழுமையாக மீளும். பகுக்கும் காலம் அதன் முழுமடங்காக இல்லாவிடினும், காலத்தின் அடிகள் பரும்படியாக இருப்பினும், சுற்றில் இல்லாத பொய்யொலிகள் திரையில் தோன்றும். திரிபை அளக்கும் கருவியும் திரிபுடையதாகலாம்.

இது வெறும் இசைப்பிழை பற்றிய பேச்சன்று. 1990களின் பின் நம் நாட்டிற் பண்பலை நிலையங்கள் பெருகின. 104, 107 மெகாஹேர்ட்சில் இரு நிலையங்கள் இருப்பதாகக் கொள்வோம். 107 இன் இருமடங்கிலிருந்து 104 ஐக் கழித்தால் 110. விமானம் ஓடுபாதையின் நேர்கோட்டை அறிந்து இறங்குவதற்கு உதவும் வானொலிச் சைகைகள் 108 க்கும் 112 க்கும் இடையிலேயே உள்ளன. விமானத்தின் வாங்கியிலே பிறக்கும் அனுப்பாத ஒலி உயிரோடு விளையாட வல்லது. ஆதலாலன்றோ, இத்தகைய வாங்கிகள் பண்பலையின் இடையூற்றைத் தாங்க வேண்டுமென்று சர்வதேச விதிகள் வகுக்கப்பட்டன!

இனி எங்கள் வீட்டு வானொலிக்கு வருவோம். ஒருநாள் தந்தையார் சன்னற் கம்பியிற் கட்டியிருந்த அன்ரனாக் கம்பியை அவிழ்த்து, துருவைச் சுரண்டி, இறுகக் கட்டினார். பின்னணிப் பாட்டு அன்றோடு நின்றது. கடலின் உப்புக்காற்று இரும்பைத் தின்று வளர்த்த துரு, ஒரு பக்கமே மின்னை எளிதிற் கடத்தும் இருவாயிபோல் நின்று இரு நிலையங்களையும் கலந்திருந்தது. நிலையத்தார்மேல் நாம் சுமத்திய குற்றம் எங்கள் சன்னலிலேயே இருந்தது.

எந்த ஒப்புருவாக்கமும் அத்துருவைத் தானாகக் கண்டிராது. நாம் எழுதிக் கொடுத்த சுற்றையே கணினி அறியும். துரு இருக்கலாம் என்று ஐயுற்று, அவ்விடத்தில் ஓர் இருவாயியை வரைபவனுக்கே அது உண்மையைக் காட்டும். தார்த்தினியும் தெலகனும் முதலிற் செய்தது, கேட்டதைத் தள்ளிவிடாது அதற்குக் காரணம் வினவியதே. நம் மாணாக்கர் கணினியின்முன் அமருமுன் அவ்வினாவோடு அமர்வாராக.