தராசு ஏன் நிற்கிறது? கூப்பன் அரிசிக் காலத்திலிருந்து ஒரு வரலாறு



சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரையில் நடக்கிறவர்கள் நம் ஊர்களில் இப்போது கூடியிருக்கிறார்கள். கிளினிக்கில் 'சீனி கூட', 'பிரஷர் கூட', 'நிறையைக் குறையுங்க' என்று சொன்ன பிறகுதான் நம்மில் பலர் மணலில் இறங்கியிருக்கிறோம். முதல் இரண்டு மாதம் நல்லாத்தான் போகும். நாலைந்து கிலோ இறங்கும், பெல்ட்டில் ஒரு ஓட்டை கூடும், காண்கிறவர்களும் 'மெலிஞ்சிட்டீங்களே' என்பார்கள். பிறகு ஒரு நாள் தராசு நிற்கும். அதே நடைதான், அதே அளந்த சோறுதான், ஆனால் ஒரு மாதமாகக் கால் கிலோ கூட இறங்காது.

அந்த இடத்தில்தான் நாம் கைவிடுகிறோம். 'இது பரம்பரை உடம்பு', 'நமக்குத் தண்ணி குடிச்சாலும் ஊதும்' என்று சொல்லிவிட்டுப் பழைய தட்டுக்குத் திரும்புகிறோம். இன்னும் சிலர் டப்பாவில் வரும் பவுடருக்கும், மெலிய வைக்கும் தேயிலைக்கும் காசைக் கொட்டுகிறார்கள். தராசு இப்படி நிற்பது நமக்கு மட்டும் நடப்பதல்ல. நூறு வருடத்துக்கு மேலாக ஆய்வுகூடங்களில் அளந்து எழுதி வைத்த விஷயம் இது. அதைச் சொல்ல முன்னம், நம் உடம்பு எந்தக் காலத்தைக் கடந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. நாடு முழுக்கக் கூப்பன் வந்தது. வாப்பும்மா, உம்மும்மாமார் சொன்ன குரக்கன், மரவள்ளி, கோதுமை மாக் கதைகளுக்கெல்லாம் ஆரம்பம் அந்தக் காலம்தான். யுத்தம் முடிந்தும் கூப்பன் போகவில்லை. 1953இல் கூப்பன் அரிசியை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றினார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது, அதோடு பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவியை விட்டே போனார். ஒரு கொத்து அரிசி ஒரு பிரதமரை இறக்கிய நாடு இது.

அதற்கு முன்பே, 1949இல், பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலயில் மறிக்கும் கல்லோயாத் திட்டம் தொடங்கியிருந்தது. அதன் குடியேற்ற அரசியல் தனியாக எழுத வேண்டிய கதை, இங்கு வேண்டாம். அந்தத் திட்டம் அம்பாறையை நெல்லுக்குப் பேர் போன மாவட்டமாக்கியது. என்றாலும் 70களின் தொடக்கத்தில் மறுபடியும் தட்டுப்பாடு வந்து, அரிசி கொண்டு போவதற்குக் கட்டுப்பாடு, பாண் கியூ, மரவள்ளி என்று நாட்கள் போனதை நம் மூத்தவர்கள் மறக்கவில்லை. 1979இல் கூப்பன் அரிசி போய் உணவு முத்திரை வந்தது. 1980இல் திருகோணமலையில் பிரிமா மா ஆலை ஓடத் தொடங்கியது. நம் காலைச் சாப்பாட்டில் ரொட்டியும் பாணும், பின்னேரத்தில் ரோல்ஸும் பெட்டிஸும் இந்த அளவுக்கு வந்ததற்கு மலிந்த கோதுமை மாவுக்கும் பங்கு உண்டு.

இதே காலத்தில் வேலையும் மாறியது. வட்டையில் மண்வெட்டி பிடித்த கையும், மாடு விட்டுச் சூடடித்த காலும் உழவு மிசினுக்கும் வெட்டு மிசினுக்கும் ஒதுங்கின. உரலும் உலக்கையும் மில்லுக்கு வழி விட்டன. இதைப் பெரும்பாலும் ஆண்களின் கதையாகவே எழுதுகிறோம். ஆனால் உடம்பால் செய்த வேலை ஒரு தலைமுறைக்குள் அதிகமாகக் குறைந்தது நம் பெண்களுக்குத்தான். தண்ணீர் அள்ளுதல், நெல் குற்றுதல், மா இடித்தல் எல்லாம் போயின. அந்த இடத்துக்கு நடையோ விளையாட்டோ வரவில்லை. பெண்கள் வெளியில் நடக்க நேரத்தையும் இடத்தையும் நம் ஊர்கள் இன்னும் சரியாக ஒதுக்கவும் இல்லை.

வேலை குறைந்தால் பசியும் தானாகக் குறையும் என்று நினைப்போம். 1956இல் ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவரோடு வேலை செய்த இந்தியர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கல்கத்தாவுக்கு அருகே ஒரு சணல் ஆலையில் 213 ஆண்களின் நிறை, சாப்பாடு, வேலை மூன்றையும் பதிந்தார்கள். மூட்டை சுமக்கிறவர், கரி அள்ளுகிறவர், கிளார்க்கர், ஆலை வாசலில் கடை போட்டு உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். இலேசான வேலைக்கு மேலே போகப் போக, வேலைக்கு ஏற்றபடி சாப்பாடும் கூடியது, நிறை ஏறவில்லை. ஆனால் உட்கார்ந்தே இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிடவில்லை. கடின வேலைக்காரர் அளவுக்குச் சாப்பிட்டார்கள், நிறையும் அவர்களுக்குத்தான் கூட. ஒரு எல்லைக்குக் கீழே உடம்பு அசைவது குறைந்தால் பசி தன் கணக்கை விட்டுவிடுகிறது என்பது மேயரின் முடிவு. மருதமுனைத் தறிக் குழியில் நாள் முழுக்கக் கால் மிதித்தவரும், இன்று கல்லாவிலோ பாடசாலை மேசையிலோ இருக்கும் நாமும் ஒரே அளவு சோறு போட்டுக்கொள்வதை இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

சரி, நிறை கூடிய கதை இது. குறைக்கும்போது ஏன் நிற்கிறது?

முதலாம் உலக யுத்தத்தில் ஐரோப்பா பசியில் கிடந்தபோது, குறைந்த சாப்பாட்டில் மனிதன் எப்படி வேலை செய்வான் என்று அறிய பிரான்சிஸ் பெனடிக்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1917இல் ஸ்பிரிங்பீல்ட் நகரக் கல்லூரி மாணவர்களைத் தெரிந்தெடுத்தார். சாப்பாட்டைக் குறைத்து அவர்களின் நிறையைப் பத்து வீதம் அளவில் இறக்கினார். அதன் பிறகு ஒரு புதுமையைக் கண்டார். இறங்கிய நிறையை அப்படியே வைத்திருக்க அவர்களுக்கு முன்பு தேவைப்பட்டதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சாப்பாடே போதுமாக இருந்தது. நிறை குறைந்தது பத்து வீதம், செலவு குறைந்ததோ அதைவிடப் பல மடங்கு. உடம்பு சிக்கனமாகிவிட்டது.

இரண்டாம் யுத்தத்தின் முடிவில், 1944 நவம்பரில், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் இதைவிடக் கடுமையான பரிசோதனையைத் தொடங்கினார். யுத்தத்துக்குப் போக மனச்சாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 கிழமை, நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. பாண், உருளைக்கிழங்கு, கோவா மாதிரியான சாப்பாடு. கிழமைக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். நிறையில் நாலில் ஒரு பங்கு போனது. ஆனால் போகப் போக இறக்கம் மெதுவானது. தான் போட்ட கோட்டின்படி நிறை இறங்க, கீஸ் ஆளாளுக்குப் பாண் துண்டையும் கிழங்கையும் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிப்பது 40 வீதம் அளவில் குறைந்தது. வெயில் காலத்திலும் அவர்களுக்குக் குளிர்ந்தது. தேவையில்லாமல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. திரும்பச் சாப்பாடு கிடைத்தபோது உடம்பு முதலில் சேர்த்தது கொழுப்பைத்தான்.

2022இல் பெற்றோலுக்கு கியூஆர் வந்ததும் நாம் மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினோம்? வீண் ஓட்டத்தை நிறுத்தினோம், இறக்கத்தில் எஞ்சினை அணைத்தோம், கிடைத்த லீற்றரில் கிழமையை ஓட்டினோம். உடம்பு செய்வதும் அதேதான். 1942இலும் 1973இலும் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். சோறு குறைந்ததும் உடம்புக்கு அது 'சீனியைக் குறைக்கச் சொன்ன டொக்டர்' என்று தெரியாது, 'கூப்பன் வந்துவிட்டது' என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

இந்த அறிவு இருந்தும் 1958இல் நியூயோர்க் டொக்டர் மக்ஸ் விஷ்னோப்ஸ்கி எழுதிய ஒரு கணக்கு உலகம் முழுக்கப் பரவியது. 3,500 கலோரி குறைத்தால் ஒரு இறாத்தல் கொழுப்பு போகும் என்பது அது. நாளுக்கு 500 குறைத்தால் கிழமைக்கு ஒரு இறாத்தல் என்று அதிலிருந்து ஆட்கள் கணக்குப் போட்டார்கள். இதை அப்படியே ஓட்டிப் பார்த்தால் 90 கிலோ ஆள் நாலு வருடத்தில் காணாமலே போயிருக்க வேண்டும்! கணிதம் படிப்பிக்கிற நமக்கு இது சிரிப்புத்தான். ஆனால் பலருடைய மனமுடைவுக்குக் காரணமே இந்த நேர்கோட்டுக் கணக்கு. உண்மையில் கோடு வளையும், பிறகு படுத்துவிடும்.

ஏன் வளைகிறது என்பது 90களில் தெளிவானது. 1994இல் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி ப்ரீட்மன் குழு லெப்டினைக் கண்டது. கொழுப்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு போகும் ஹோர்மோன் அது. கொழுப்புக் குறைந்தால் லெப்டின் குறையும், பசி கூடும், செலவு சுருங்கும். அடுத்த வருடம் அதே இடத்தில் லைபல், ரோசன்பாம், ஹேர்ஷ் மூவரும் பத்து வீதம் நிறை குறைந்தவர்களை அளந்து, உடம்பு சிறுத்ததால் குறைய வேண்டியதைவிடக் கூடுதலாகச் செலவு குறைவதைக் காட்டினார்கள். ரோசன்பாம் பின்னர் இன்னொன்றையும் கண்டார். மெலிந்தவரின் தசை, மெதுவான வேலையைக் குறைந்த சக்தியில் செய்யப் பழகிவிடுகிறது. ஆறு மாதமாக அதே கடற்கரையில், அதே வேகத்தில், அதே தூரம் நடக்கிற நமக்கு இதைவிட நேரான விளக்கம் வேண்டுமா? 80 கிலோவில் எரிந்தது 72 கிலோவில் எரியாது. அதற்கு மேலே தசையும் சிக்கனம் பிடிக்கிறது.

தொலைக்காட்சிப் போட்டியில் வேகமாக நிறை குறைத்த 14 அமெரிக்கர்களை ஆறு வருடத்துக்குப் பின் கெவின் ஹோல் குழு அளந்து, 2016இல் வெளியிட்டது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். அவர்களின் உடம்பு இன்னும் எதிர்பார்த்ததைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. பயமுறுத்தும் செய்திதான். ஆனால் அடுத்த வருடம் அதே ஆட்களைப் பற்றி வந்த ஆய்வு அவ்வளவு பரவவில்லை. குறைத்த நிறையைக் காத்தவர்கள் போட்டிக்கு முன் இருந்ததைவிட உடல் அசைவை 160 வீதம் கூட்டியிருந்தார்கள். நிறை திரும்ப ஏறியவர்கள் கூட்டியது 34 வீதம்தான். இரு பகுதியினரின் சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை.

ஆகவே தராசு நின்றால் முதலில் செய்ய வேண்டியது கணக்கைப் புதுப்பிப்பது. முதல் மாதத்தில் குறைவாக இருந்த சோறு இன்றைய சிறுத்த உடம்புக்குச் சரி அளவாகிவிட்டது. ஒரு கிழமைக்கு வாயில் போனதையெல்லாம் கொப்பியில் எழுதிப் பாருங்கள். சோறு மட்டுமல்ல, பிளேன்டீயும் எழுத வேண்டும். மூன்று கரண்டி சீனி போட்டு ஐந்து பிளேன்டீ என்றால் 240 கலோரி. 80 கிலோ ஆள் ஒரு மணி நேரம் நடந்து எரிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். நடந்துவிட்டு வந்து பெட்டிஸோடு டீ குடிப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது தசை. ரோசன்பாமின் 2018 ஆய்வில் பாரம் தூக்கும் பயிற்சி அந்தத் தசைச் சிக்கனத்தைக் குறைத்தது. நடையை விடச் சொல்லவில்லை, கிழமையில் இரண்டு மூன்று நாள் அதோடு பாரத்தைச் சேருங்கள். ஜிம்முக்குப் போக முடியாத பெண்கள் கதிரையில் உட்கார்ந்து எழும்புவதில் தொடங்கலாம். சுவரில் கை ஊன்றித் தள்ளலாம், தண்ணீர் நிரப்பிய போத்தல் இரண்டைத் தூக்கலாம். தசை தேய்ந்து போகாமல் இருக்கச் சாப்பாட்டில் புரதம் வேண்டும். கரைவலை இழுக்கிற ஊரில் மீனுக்குப் பஞ்சமில்லை. ஒரு அகப்பை சோற்றைக் குறைத்து அந்த இடத்துக்கு ஒரு துண்டு மீனும் பருப்பும் சுண்டலும் வரட்டும். பட்டினி கிடந்து தராசை உடைக்கப் பார்ப்பது மினசோட்டாவுக்கே கொண்டு போய் விடும். நோன்பில் இறங்கும் ஒன்றிரண்டு கிலோ பெருநாள் கழிந்து சில கிழமையில் திரும்பி வருவதும் அதே கதைதான்.

சீனிக்கு இன்சுலினோ குளிசையோ பாவிக்கிறவர்கள் சோற்றைக் குறைக்க முன்னம் கட்டாயம் டொக்டரிடம் கேளுங்கள். மருந்தின் அளவு மாறாமல் சாப்பாடு மட்டும் குறைந்தால் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரும். அது உயிருக்கே ஆபத்து.

நிறையைப் பற்றி இன்னொன்று. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசியருக்கு உடற்திணிவுச் சுட்டி 23இலிருந்தே கவனம் தேவை என்று சொன்னது. ஐரோப்பியருக்குச் சொன்ன 25 நமக்குப் பொருந்தாது, ஏனென்றால் நமக்குக் குறைந்த நிறையிலேயே வயிற்றில் கொழுப்பும் சீனியும் வந்துவிடுகின்றன. 2005-2006இல் நாடளாவிய நீரிழிவு ஆய்வொன்று பெரியவர்களில் பத்தில் ஒருவருக்குச் சீனி வருத்தம் இருப்பதாகக் கண்டது. ஏழு மாகாணங்களில் நடந்த கணக்கு அது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. அந்தப் பத்தில் ஒன்றில் கல்முனையும் சம்மாந்துறையும் அக்கரைப்பற்றும் எண்ணப்படவே இல்லை. கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் வரிசையைப் பார்த்து நாமே எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

ஐந்து கிலோ குறைத்துவிட்டு நின்றுபோனவர் எவரும் தோற்கவில்லை. அந்த ஐந்து கிலோவிலேயே பிரஷரும் சீனியும் கொஞ்சம் இறங்கியிருக்கும், அடுத்த கிளினிக்கில் சோதித்துப் பாருங்கள். பள்ளிவாசல் மரைக்காயர்மாருக்கும் பாடசாலை அதிபர்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: பின்னேரத்தில் பூட்டிக் கிடக்கும் பாடசாலை மைதானங்களில் ஒன்றையாவது கிழமையில் மூன்று நாள், ஒரு மணி நேரம், பெண்களுக்கென்று திறந்து வைக்க முடியுமா? எந்த ஊரில் யார் முன்வருவார்கள் என்று கீழே எழுதுங்கள், பெயர்களைச் சேர்த்து நாம் கடிதமாகக் கொண்டு போய்க் கொடுப்போம்.