மங்கும் எஸ்.எம்.ஆர். முத்திரையும்



1896இல் தான் சாய் யான் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். அதற்குப் பின் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள், ரப்பரின் தரத்தைச் சொன்னது மனிதக் கண்தான். புகையிட்டு உலர்த்திய ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து, நிறமும் கறையும் பார்த்துப் பிரிப்பார்கள். ஒருவருக்கு ஒன்றாம் தரமாகப் படுவது மற்றவருக்கு இரண்டாம் தரமாகப் படலாம் அல்லவா?

போருக்குப் பின் செயற்கை ரப்பர் போட்டிக்கு வந்தது. அது சோதனை எண்களோடு, தூக்க வசதியான சிறு கட்டிகளாக விற்கப்பட்டது. நம் ரப்பரோ நூறு கிலோவுக்கு மேற்பட்ட பேல்களாகக் கப்பலேறிக்கொண்டிருந்தது. எனவே 1965இல் எஸ்.எம்.ஆர். தரத்திட்டம் தொடங்கியது. ரப்பரைக் கரைத்து வடிகட்டி, சல்லடையில் தங்கும் அழுக்கை நிறுத்துப் பார்த்தார்கள். அழுக்கு நூற்றுக்கு 0.05 பங்குக்கு மேற்படாவிட்டால் எஸ்.எம்.ஆர். 5 என்று பெயர். கட்டிப்பாலும் ஆலையில் நொறுக்கிக் கழுவப்பட்டு, எண்ணிட்ட சரக்காயிற்று.

இதை ஆய்வுக்கூடத்தின் சாதனை என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. மணலும் பட்டைத்தூளும் சேருமிடம் மங்கு. கலந்துவிட்ட மணலை ஆலையில் எத்தனை முறை கழுவினாலும் முழுவதும் போகாது. மங்கைத் துடைத்து, ஒட்டுப்பாலைத் தனியே எடுத்து, வாளியைச் சுத்தமாக வைத்தவர்கள் நம் தாய்மார்கள்; விடியலில் அவர்களோடு நிரைக்குப் போன பிள்ளைகளுந்தான்.